முதல் பாஸ் ராடுக்கு எந்த பிளாங்க்: கிளாஸா, கிராஃபைட்டா, கலப்பா?

பாஸ் மீன் பிடிக்கச் சொந்தமாக ஒரு தூண்டில் ராடு கட்டிப் பார்ப்போம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரீல் சீட், கார்க் பிடி, சுற்றும் நூலின் நிறம் எல்லாம் ஒரு சாயங்காலத்தில் முடிவாகிவிடும். பிளாங்க் மட்டும் வாரக்கணக்கில் இழுக்கும். பிடியோ, தூண்டில் நரம்பு ஓடும் வளையமான கைடோ பொருத்தாத வெறும் கோல்தான் பிளாங்க். ஆனால் ராடின் குணம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. கைடு பிடிக்கவில்லை என்றால் நூலை அறுத்துவிட்டு வேறு கட்டலாம். பிளாங்க் பிடிக்கவில்லை என்றால் வேறு ராடுதான் கட்ட வேண்டும்.

டெக்சாஸின் லேக் ஃபோர்க்கில் லார்ஜ்மவுத் பாஸ் தேடுகிறவரும் சரி, டொராண்டோவிலிருந்து விடியுமுன் கிளம்பி லேக் சிம்கோவுக்கு ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்கப் போகிறவரும் சரி, கேட்பது இதைத்தான்: ஒரு பிளாங்க் 60 டாலர், இன்னொன்று 200 டாலர், இரண்டும் 7 அடி, இரண்டிலும் ‘மீடியம் ஹெவி, ஃபாஸ்ட்’ என்றுதான் எழுதியிருக்கிறது. எதை எடுப்பது?

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த லூரை (செயற்கை இரையை) வீசப் போகிறீர்கள், அதில் எந்த மாதிரி முள் தொங்குகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது முடிவானால் பிளாங்க் பாதி முடிவான மாதிரி. இழையின் விறைப்பைச் சொல்லும் மாடுலஸ் எண்ணிலிருந்து ஆரம்பித்தால் காசும் கூடும், மீனும் நழுவும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை நான்கு வகை பிளாங்குகளை வரிசையாக எடை போட்டுக் காட்டுகிறேன்: முழு கிளாஸ் (கண்ணாடி இழை), நடுத்தர கிராஃபைட் (கார்பன் இழை), உயர் மாடுலஸ் கிராஃபைட், கிளாஸும் கிராஃபைட்டும் கலந்த கலப்பு.

## எதை வைத்து எடை போடுவது

### லூரும் முள்ளும்

பாஸ் மீனுக்கு வீசும் லூர்களை முள்ளை வைத்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, மூன்று முனை கொண்ட டிரெபிள் முள் தொங்குபவை: ரீலைச் சுற்றும்போது நீருக்குள் மூழ்கி ஓடும் கிராங்க்பெய்ட், வெட்டி வெட்டி இழுக்கும் ஜெர்க்பெய்ட், நீர்மட்டத்தில் ஓடும் டாப்வாட்டர் வகைகள். இந்த முள் மெல்லியது. சுலபமாக ஏறும், அதே சுலபத்தில் கிழித்துக்கொண்டு வெளியேயும் வரும். பாஸ் இரையைக் கவ்வுவதைவிட, வாயையும் செவுளையும் சட்டென்று விரித்துத் தண்ணீரோடு சேர்த்து உள்ளே உறிஞ்சுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கிராங்க்பெய்ட்டை அது உறிஞ்சும் அந்த நொடியில் ராடு விறைப்பாக இருந்தால், லூர் வாய்க்குள் போய்ச் சேருமுன் நாமே பிடுங்கிவிடுகிறோம். ராடு கொஞ்சம் இளகிக் கொடுத்தால் லூர் உள்ளே போகும், மீன் திரும்பும்போது முள் தானாக ஏறும். அப்புறம் மீன் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும்போதும் அந்த வளைவுதான் நரம்பைத் தளரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஒற்றைத் தடி முள்: எடைத் தலை வைத்த ஜிக், முள் முனையை மறைத்துக் கட்டும் டெக்சாஸ் ரிக்கில் கோத்த ரப்பர் புழு, பாசி மேல் இழுக்கும் தவளை லூர். இங்கே முள் கனமானது. பல நேரம் ரப்பருக்குள் மறைந்தும் இருக்கும். மீனின் தாடைக்குள் அதை ஏற்ற ஓங்கி ஓர் இழுப்பு வேண்டும். வளைந்து கொடுத்துக்கொண்டே போகும் ராடு அந்த இழுப்பை வழியிலேயே விழுங்கிவிடும்.

மூன்றாவது, மெல்லிய கம்பியில் செய்த சிறிய ஒற்றை முள்: எடைக்கு மேலே முள் நிற்கும் டிராப் ஷாட், சிறிய ஜிக் தலையில் குட்டிப் புழு கோத்த நெட் ரிக். 6 முதல் 8 பவுண்டு தாங்கும் நரம்பு, ஸ்பின்னிங் ரீல். நுனி மென்மையாகவும் கீழ்ப்பாதி உறுதியாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நரம்பு அறும், அல்லது முள் நிமிரும்.

மீனின் எடையை வைத்து ராடு தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். லார்ஜ்மவுத் உலகச் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ். 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன் செய்தார். நமக்கு மாட்டுவதில் பெரும்பாலானவை 2 முதல் 5 பவுண்டுக்குள்தான். ராடின் வலிமையை நிர்ணயிப்பது லூரின் எடையும், மீன் ஒளிந்திருக்கும் பாசியும் கட்டையும்தான்.

### பவர், ஆக்‌ஷன், உண்மையான அளவு

ராடை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பது பவர். எந்த இடத்தில் வளைகிறது என்பது ஆக்‌ஷன்: நுனியில் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், பாதி வரை இறங்கினால் மாடரேட். சொல்ல எளிதுதான். சிக்கல் என்னவென்றால், ‘மீடியம் ஹெவி’க்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவே கிடையாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் ஹெவி இன்னொன்றின் ஹெவியாக இருக்கும். அதனால் எழுத்தை விட்டுவிட்டு லூர் எடை வரம்பைப் பாருங்கள். 3/8 முதல் 1 அவுன்ஸ் என்று போட்டிருந்தால் அதன் நடுப்பகுதியில்தான் பிளாங்க் இனிமையாக வீசும். இரண்டு ஓரங்களிலும் ஏதோ சமாளிக்கும், அவ்வளவுதான்.

அளந்தே பார்க்க வேண்டும் என்றால் வழி இருக்கிறது. வில்லியம் ஹானமன் என்பவர் உருவாக்கிய ‘காமன் சென்ட்ஸ்’ முறை அது. ராடின் அடிப்பகுதியைக் கிடைமட்டமாக மேசையில் இறுக்கிக்கொள்ள வேண்டும். நுனியில் ஒரு சின்னப் பையைத் தொங்கவிட்டு, நுனி மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கும்வரை அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களைப் போட வேண்டும். 7 அடி பிளாங்க் என்றால் 28 அங்குலம் இறங்க வேண்டும். எத்தனை நாணயம் என்பதுதான் பவர். அந்த நிலையில் நுனி கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது ஆக்‌ஷன். 66 பாகைக்கு மேல் போனால் ஃபாஸ்ட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1983 முதல் அடித்த சென்ட் ஒன்று 2.5 கிராம். கனடாவில் சென்ட் புழக்கத்தில் இல்லை என்பதால் பையில் அரிசியைப் போட்டு, சமையலறைத் தராசில் நிறுத்து, 2.5ஆல் வகுத்தால் அதே கணக்கு வந்துவிடும். உங்களுக்கு மிகவும் பிடித்த பழைய ராடை இப்படி ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். புது பிளாங்க் விற்பவர் இந்த எண்களைத் தந்தால் ஒப்பிட்டுவிடலாம். ராடு கட்டுகிறவர்களும் அளந்து பகிர்கிறார்கள்.

### எடை, அடி தாங்குதல்

பிளாங்கின் மொத்த எடையைவிட அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். நுனிப்பக்கம் கனத்தால் மதியத்துக்குள் மணிக்கட்டு வலிக்க ஆரம்பிக்கும்.

அடி தாங்குவது என்பது வேறு விஷயம். மீன் இழுத்து ராடு உடைவது அரிது. ஜிக் தலை வந்து பிளாங்கில் மோதுவது, கார் கதவு, படகுத் தரையில் மிதிபடுவது, மீனைத் தூக்கும்போது ராடைச் செங்குத்தாகத் தலைக்குப் பின்னே சாய்ப்பது: இவைதான் காரணம். உடைவது இன்னொரு நாளாக இருக்கும். அடி விழுந்தது அதற்கு முன்பே.

### முழுச் செலவு

பிளாங்க் விலை ஒரு பகுதிதான். ரீல் மேற்பக்கம் உட்காரும் 7 அடி காஸ்டிங் ராடுக்குக் குறைந்தது 8 கைடும் நுனியில் ஒரு டிப்-டாப் வளையமும் வேண்டும். மைக்ரோ கைடு போட்டால் எண்ணிக்கை இன்னும் கூடும். ரீல் சீட், கார்க் அல்லது இவிஏ நுரைப் பிடி, ரீல் சீட்டுக்குள் இடைவெளி நிரப்பும் ஆர்பர், நூல், எபாக்ஸி, கார்க் துளையைப் பெரிதாக்க ரீமர், எபாக்ஸி காயும்வரை ராடை மெதுவாகச் சுழற்றும் மோட்டார். கருவிகளை விட்டுவிட்டு உதிரிகள் மட்டுமே சிக்கனமாகப் போனால் 70, 80 டாலர்; டைட்டானியம் சட்டகக் கைடு போட்டால் அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும். ஒற்றைத் துண்டு 7 அடி பிளாங்க் நீளப் பொதியாக வருவதால் தபால் செலவும் கனம். எல்லை தாண்டி வரவழைத்தால் வரியும் சேரும். இரண்டு மூன்று பிளாங்கை ஒரே குழாயில் போட்டு நண்பர்களோடு பங்கு போடுவது நல்ல வழி.

பலர் கவனிக்காத ஒன்று உத்தரவாதம். கடையில் வாங்கிய முழு ராடு உடைந்தால் முழு ராடு மாற்றிக் கிடைக்கும். பிளாங்க் உடைந்தால், உத்தரவாதம் இருந்தாலும், கைக்கு வருவது இன்னொரு வெறும் கோல் மட்டும். கைடுகளைச் சூடு காட்டிக் கழற்றி மீட்கலாம். ஒட்டிய பிடியும் ரீல் சீட்டும் அனேகமாகப் போனதுதான். உங்கள் வார இறுதிகளை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

## மாடுலஸ் எண்கள் சொல்வதும் சொல்லாததும்

மாடுலஸ் என்பது இழையின் விறைப்பு. ஈ-கிளாஸ் இழை சுமார் 10.5 மில்லியன் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), எஸ்-கிளாஸ் 12, 13 அருகே, சாதாரண கார்பன் இழை 33, இடைநிலை கார்பன் 40 சொச்சம், ஜப்பானியர் ‘40 டன்’ என்று சொல்வது ஏறக்குறைய 57. விறைப்பு கூடினால் அதே பவருக்குக் குறைந்த பொருளே போதும். ராடு இலேசாகும், வளைந்த நுனி சீக்கிரம் நிமிரும், கடி கைக்குத் தெளிவாக வரும்.

இதற்கு விலையும் உண்டு. கிளாஸ் இழை உடையுமுன் நான்கு சதவீதத்துக்கும் மேல் நீளும். சாதாரண கார்பன் இரண்டு சதவீதத்தை ஒட்டி. உயர் மாடுலஸ் இழை ஒன்று, ஒன்றரைக்குள் முறிந்துவிடும். குழாயின் சுவரும் மெல்லிசாக இருப்பதால் பக்கவாட்டு அடிக்குத் தாங்காது.

‘ஐஎம்6’, ‘ஐஎம்7’, ‘ஐஎம்8’ என்ற எழுத்துகளைப் பார்த்து மயங்க வேண்டாம். இவை ஹெக்ஸல் நிறுவனத்தின் இழைகளுக்கான வணிகப் பெயர்கள். ராடின் தரத்துக்கான குறியீடு கிடையாது. ஐஎம்6க்கும் ஐஎம்7க்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றே, இரண்டும் 40 மில்லியன் பிஎஸ்ஐ பக்கம், வேறுபடுவது வலிமைதான். ராடு செய்கிற இடத்தில் இழை ஒரு பகுதி வேலையைத்தான் செய்கிறது. பிசின் தோய்ந்த கார்பன் துணியை எந்த வடிவத்தில் வெட்டினார்கள், எஃகுக் கம்பியின் மேல் எத்தனை சுற்று உருட்டினார்கள், கம்பியின் சரிவு எப்படி, உருட்டிய அழுத்தம் சீராக இருந்ததா என்பதெல்லாம் சேர்ந்துதான் பிளாங்க். நல்ல வடிவமைப்பில் வந்த 33 மில்லியன் பிளாங்க், ஏனோதானோவென்று உருட்டிய 57 மில்லியனைச் சாதாரணமாக வென்றுவிடும்.

## நான்கு வகைகள்

விலைகள் எல்லாம் அமெரிக்கக் கடைகளின் தோராயக் கணக்கு, தபால் தனி.

### முழு கிளாஸ்: 50 முதல் 110 டாலர்

1970களில் கிராஃபைட் ராடுகள் வந்த பிறகு கிளாஸை எல்லோரும் ஓரங்கட்டினார்கள். கிராங்க்பெய்ட் வீசுகிறவர்களில் சிலர் மட்டும் விடவில்லை. பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பாஸ் மீன்பிடிப் போட்டியை நான்கு முறை வென்ற ரிக் கிளன் அவர்களில் ஒருவர். காரணம் மேலே சொன்னதுதான்: மீன் லூரை உறிஞ்ச ராடு அவகாசம் தருகிறது.

கட்டைகளில் முட்டி முட்டிப் போகும் ஸ்கொயர்பில் கிராங்க்பெய்ட், 10 முதல் 15 அடி ஆழம் போகும் நடுத்தர வகை, முன்னால் அதிரும் தகடு வைத்து, பாசியோரம் இழுக்கும் சாட்டர்பெய்ட் ஆகியவற்றுக்கு 7 அடியிலிருந்து 7 அடி 6 அங்குலம் வரை மாடரேட் ஆக்‌ஷன் கிளாஸ் அருமையாகப் பொருந்தும். மீன் கடிப்பது கையில் அடியாக வராது; லூர் திடீரென்று கனத்துப் போய் ராடு தானாகச் சாய ஆரம்பிக்கும். அப்போது இழுத்து அடிக்காமல் ரீலைத் தொடர்ந்து சுற்றினால் போதும்.

மறைமுகச் செலவு எடையில் இருக்கிறது. நுனி கனப்பதால் சமநிலைக்கு அடியில் எடை சேர்க்கத் தோன்றும். அப்படிச் செய்தால் ராடு மொத்தமாகக் கனத்துவிடும். அதைவிட நீளத்தைக் கொஞ்சம் குறைத்து, கைடுகளை இலேசானவையாகப் போடுவது மேல். இன்னொன்று, இந்த ராடால் ஜிக் வேலை செய்ய முடியாது. அடித்தளத்தில் கல்லா சேறா என்றே தெரியாது. ஒரே ஒரு ராடு கட்டப் போகிறீர்கள் என்றால் இதை எடுக்காதீர்கள். கிராங்க்பெய்ட்டுக்கென்று இரண்டாவது ராடு கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல பிளாங்க் கிடையாது. அடி தாங்குவதிலும் இதுதான் முதலிடம். பிள்ளைகள் கையில் தரும் ராடுக்கும் ஏற்றது.

### நடுத்தர கிராஃபைட்: 45 முதல் 100 டாலர்

33 முதல் 42 மில்லியன் வரையிலான கார்பன். ரெயின்ஷேடோவின் ஆர்எக்ஸ்6, ஆர்எக்ஸ்7 வரிசைகள் இந்த வகையில் அடங்கும். எம்எச்எக்ஸ் போன்ற மற்றப் பெயர்களிலும் இந்த விலைக்குள் கிடைக்கின்றன. ராடு கட்டுகிறவர்களின் அன்றாடச் சோறு இதுதான்.

என் வாக்கும் இதற்கே, குறிப்பாக முதல் ராடுக்கு. ஏனென்றால் முதல் ராடில் கை பழகாது. எபாக்ஸி கொஞ்சம் தடிமனாகவே போகும், கைடு கால்களைத் தீட்டியது போதாமல் இருக்கும், கார்க் துளை ஒரு பக்கம் பெரிதாகிவிடும். 200 டாலர் பிளாங்கின் இலேசையும் கூர்மையையும் இந்தக் கூடுதல் எபாக்ஸியே தின்றுவிடும். நடுத்தர கிராஃபைட்டில் இழப்பு அவ்வளவு தெரியாது. ரீமர் சரிந்து பிளாங்கில் ஒரு கீறல் விழுந்தாலும் மனம் உடைய வேண்டியதில்லை.

ஒரே ராடு என்றால் 7 அடி அல்லது 7 அடி 1 அங்குலம், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், லூர் வரம்பு 1/4 முதல் 3/4 அல்லது 1 அவுன்ஸ். ஜிக், டெக்சாஸ் ரிக், சுழலும் தகடு வைத்த ஸ்பின்னர்பெய்ட் மூன்றையும் முறையாகச் செய்யும். டாப்வாட்டரையும் சாட்டர்பெய்ட்டையும் குறையில்லாமல் வீசும். கிராங்க்பெய்ட்டுக்கு மட்டும் சில மீன்களை இழப்பீர்கள். அந்த நேரத்தில் நீளாத பின்னல் நரம்பான பிரெய்டைத் தவிர்த்து, ஒற்றை இழை நரம்பான மோனோ போட்டால் நரம்பின் நெகிழ்வு பாதியை ஈடுகட்டும்.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து, பெயரே இல்லாமல் 20, 30 டாலருக்கு விற்கும் பிளாங்குகள். படத்தில் வித்தியாசம் தெரியாது. வந்த பிறகு பார்த்தால் கோல் வளைந்திருக்கும், லூர் வரம்பு சொன்னதற்கும் உண்மைக்கும் சம்பந்தம் இருக்காது. பிளாங்கில் 30 டாலர் மிச்சம் பிடித்து, 80 டாலர் உதிரியையும் பல நாள் உழைப்பையும் அதன் மேல் ஏற்றுவது கணக்குக்கு ஒத்துவராது.

### உயர் மாடுலஸ் கிராஃபைட்: 120 முதல் 250 டாலர்

நார்த் ஃபோர்க் காம்பசிட்ஸ், நியூசிலாந்தின் சிடிஎஸ் போன்றோரின் மேல்தர வரிசைகள். இதில் நுனி முதல் அடி வரை ஒரே உயர் மாடுலஸ் இழை இருக்கும் என்று நினைக்க வேண்டாம்; பொதுவாக விறைப்பு தேவைப்படும் பகுதிக்கு அதையும், அடி வாங்கும் பகுதிக்குக் குறைந்த மாடுலஸையும் கலந்துதான் உருட்டுகிறார்கள். அந்தக் கலவையை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

நல்ல உயர் மாடுலஸ் பிளாங்கில் கட்டிய ராடில் ஒரு ஜிக்கை நீரடித் தரையில் இழுத்துப் பார்க்க வேண்டும். சரளைக் கல் மேல் போகும்போது கரகரவென்று தனித்தனியாக வரும். சேற்றில் இறங்கியதும் எல்லாம் அடங்கிவிடும். கட்டையில் ஏறும்போது ஒரு மெல்லிய இழுவை, தாண்டியதும் விடுதலை. இதற்கு நடுவில் ‘டக்’ என்று ஒரே ஒரு தட்டு விழும், அதுதான் மீன். நடுத்தர பிளாங்கிலும் அந்தத் தட்டு வரும், ஆனால் கல்லா மீனா என்று யோசிக்கும் நேரத்தில் அது துப்பிவிட்டுப் போயிருக்கும். சிம்கோவிலும் ஈரி ஏரியிலும் 25, 30 அடி ஆழத்தில் டிராப் ஷாட் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் மீன் கணக்கிலேயே தெரியும்.

இதன் மறைமுகச் செலவுகள்தான் நான்கு வகையிலும் அதிகம். கனமான மலிவு கைடைப் போட்டால் பிளாங்கின் பலன் வீண். ஆகவே உதிரிகளுக்கும் நிறையக் கொடுக்க வேண்டும். படகில் தனி உறை, கரையில் கவனமான நடை, மீனைத் தூக்க வலை எல்லாம் கட்டாயம். டங்ஸ்டன் எடை ஒரு தடவை பிளாங்கில் மோதினால் அன்று ஒன்றும் தெரியாது. அடுத்த மாதம் ஓங்கி இழுக்கும்போது நடுவில் வெடிக்கும். உடைந்தால் முன்பு சொன்ன உத்தரவாதக் கதை இங்கேதான் அதிகம் வலிக்கும்.

ஜிக்கோ டிராப் ஷாட்டோ உங்கள் முக்கிய வேலை, ஏற்கெனவே இரண்டு மூன்று ராடு கட்டிக் கை பழகிவிட்டது, ராடைப் பத்திரமாக வைக்கிற பழக்கமும் உண்டு என்றால் தயங்காமல் வாங்குங்கள். கொடுக்கும் காசு வீண் போகாது. கிராங்க்பெய்ட்டுக்காக இதை வாங்குவது மட்டும் வேண்டாம்.

### கலப்பு: 70 முதல் 140 டாலர்

கிளாஸும் கிராஃபைட்டும் சேர்ந்தது. சிலர் நீளம் முழுவதும் இரண்டையும் கலந்து உருட்டுகிறார்கள். சிலர் அடியில் கிராஃபைட்டும் மேல்பாதியில் கிளாஸும் வைக்கிறார்கள். முதல் வகை முழு கிளாஸைவிட இலேசாகவும் வேகமாகவும் இருக்கும். இரண்டாவது வகையில் நுனி இளகும், அடி உறுதியாக நிற்கும். பாசியில் சிக்கிய மீனைப் பிரித்தெடுக்க அது உதவும்.

நாள் முழுக்க சாட்டர்பெய்ட், ஸ்பின்னர்பெய்ட், லிப்லெஸ் கிராங்க்பெய்ட் என்று ஓடும் லூர்களையே வீசுகிறவருக்கு ஒரே ராடு என்றால் இதுதான். முழு கிளாஸின் கனம் இல்லை, கிராஃபைட்டின் அவசரமும் இல்லை.

குறை ஒன்று உண்டு. ‘கலப்பு’ என்ற பெயர் எதையும் சொல்லாது. இரண்டு நிறுவனங்களின் கலப்பு பிளாங்குகளுக்கு இடையிலான வித்தியாசம், கிளாஸுக்கும் கிராஃபைட்டுக்கும் இடையிலான வித்தியாசம் அளவுக்குக்கூட இருக்கலாம். வளைவு வரைபடமோ அளவு எண்களோ பார்க்காமல், அல்லது அதே பிளாங்கில் கட்டிய ராடை ஒரு தடவை கையில் பிடிக்காமல் வாங்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | முழு கிளாஸ் | நடுத்தர கிராஃபைட் | உயர் மாடுலஸ் | கலப்பு |
|---|---|---|---|---|
| பிளாங்க் விலை (டாலர்) | 50–110 | 45–100 | 120–250 | 70–140 |
| பொருந்தும் லூர் | கிராங்க்பெய்ட், சாட்டர்பெய்ட் | ஜிக், டெக்சாஸ் ரிக், ஸ்பின்னர்பெய்ட் | ஜிக், டிராப் ஷாட், நெட் ரிக் | ஓடும் லூர்கள் பெரும்பாலும் |
| பொருந்தாதது | தரையில் இழுக்கும் எதுவும் | ஆழம் போகும் கிராங்க்பெய்ட் | டிரெபிள் முள் லூர்கள் | டிராப் ஷாட், நுட்பமான ஜிக் வேலை |
| கடி தெரிவது | குறைவு | நன்று | மிக நன்று | நடுத்தரம் |
| அடி தாங்குவது | மிக நன்று | நன்று | குறைவு | நன்று |
| மறைமுகச் செலவு | நுனிக் கனம் | பெயரில்லா மலிவு பிளாங்கில் ஏமாறுவது | உயர்தர உதிரிகள், உடைவு | பெயர் ஒன்று, குணம் வேறு |
| முதல் ராடுக்கு | இரண்டாவதாகக் கட்டலாம் | ஆம் | வேண்டாம் | ஓடும் லூர் மட்டும் என்றால் ஆம் |

## சிக்கலான சில சூழ்நிலைகள்

காசு மிச்சமாகும் என்று நினைத்து ராடு கட்ட வருகிறவருக்கு: மிச்சமாகாது. 100, 120 டாலருக்குக் கடையில் கிடைக்கும் ராடின் தரத்தை அதே காசில் முதல் முயற்சியில் கொண்டுவர முடியாது. உங்கள் முழங்கை நீளத்துக்கு ஏற்ற பிடி, உங்கள் ரீலுக்கு ஏற்ற கைடு வரிசை, கடையில் கிடைக்காத பவரும் நீளமும் சேர்ந்த ஒரு கோல்: இதற்காகக் கட்டுங்கள்.

தவளை, பாசியைத் துளைத்து இறக்கும் பஞ்சிங் மட்டும் செய்கிறவருக்கு: 7 அடி 6 அங்குலத்துக்கு மேல், ஹெவி, நடுத்தர கிராஃபைட். 50 முதல் 65 பவுண்டு பிரெய்டில் பூட்டி இழுக்கும்போது வலிமைதான் வேண்டும். கூர்மைக்காக இங்கே உயர் மாடுலஸ் தேடுவதில் பயனில்லை.

கரையிலிருந்து மரங்களுக்கு நடுவில் வீசுகிறவருக்கு: 6 அடி 6 அங்குலம் போதும். அந்த நீளத்தில் பிடித்த பிளாங்க் கிடைக்கவில்லை என்றால் நீளமானதை வாங்கி அடியில் வெட்டுங்கள். அடியில் சில அங்குலம் போனால் வளைவின் குணம் பெரிதாக மாறாது. நுனியில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே மூன்று அங்குலம் வெட்டினால் ஆக்‌ஷனே வேறாகிவிடும், லூர் வரம்பும் மேலே போய்விடும்.

இரண்டு துண்டா, ஒற்றைத் துண்டா என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சின்ன கார், அடுக்குமாடி லிஃப்ட், விமானப் பயணம் இருந்தால் இரண்டு துண்டு. இல்லையென்றால் ஒற்றை.

## பிளாங்க் வீட்டுக்கு வந்ததும்

குழாயைத் திறந்ததும் பிளாங்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். லேசான வளைவு எல்லா பிளாங்கிலும் இருக்கும். அதை மேலும் கீழுமாக வரும்படி வைத்துக் கைடு கட்டினால் கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் ஒரு விரல் அகலம் விலகினால் திருப்பி அனுப்புங்கள். பிளாங்கின் மேல் மோதிரம் மோதிரமாக மேடு தெரிந்தால் பயப்பட வேண்டாம்; அடுப்பில் வேகும்போது இறுக்கிச் சுற்றிய நாடாவின் தடம் அது, தேய்த்து மழுங்கடிக்காத பிளாங்க் என்று அர்த்தம்.

நுனியையும் அடியையும் அளந்த பிறகே உதிரிகளுக்குப் பணம் கட்டுங்கள். டிப்-டாப் அளவு அங்குலத்தின் 64இல் ஒரு பங்குக் கணக்கில் வரும். 5 என்றால் 5/64 அங்குலம். அரை அளவு தவறினாலும் உட்காராது. அப்புறம் கைடுகளை நூல் சுற்றாமல் வெறும் டேப்பால் ஒட்டி, ரீலை வைத்து நரம்பைக் கோத்து, நரம்பின் முனையைத் தரையில் கட்டி ராடை வளைத்துப் பாருங்கள். நரம்பு ஏதாவது ஓரிடத்தில் பிளாங்கைத் தொட்டால் அங்கே கைடு நகர வேண்டும். காஸ்டிங் ராடு மீன் இழுக்கும்போது கையில் திருகிக்கொள்வது பிடிக்காதவர்கள், மேலே தொடங்கும் கைடுகளை இரண்டு மூன்று படியில் கீழ்ப்பக்கமாகச் சுழற்றி இறக்கும் ஸ்பைரல் முறையை இப்போதே முயன்று பார்க்கலாம்; அதற்குக் கூடுதல் செலவு எதுவும் கிடையாது.

கடைசியாக, நீங்கள் வீசப்போகும் அதே லூரைக் கட்டி, டேப் ஒட்டிய நிலையிலேயே வாசலில் நான்கைந்து தடவை மெதுவாக வீசுங்கள். பிளாங்க் அந்த எடைக்கு வளைகிறதா, மரக்கட்டை மாதிரி நிற்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அடியை வெட்டிய பிறகோ பிடியை ஒட்டிய பிறகோ கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை. ஆகவே இவ்வளவையும் எபாக்ஸி கலக்குமுன் முடித்துவிடுங்கள்.